உண்ணிப்புதரில் மேய்ந்த காட்டுக்கோழி

என் வீட்டுக்காரர் இலவ மரத்திலிருந்து விழுந்தது ஒரு பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். கடமலைக்குண்டுக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டியது எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் பங்குனி, சித்திரை என்றால் ஊரே இலவந்தோப்புகளில்தான் கிடக்கும். ஆண்கள் மரத்தில் ஏறித் துரட்டியால் காய் பறிப்பார்கள். பெண்கள் கீழே உட்கார்ந்து காயை உடைத்துப் பஞ்சையும் கொட்டையையும் பிரிப்போம். இலவங் கொப்பு முருங்கைக் கொப்பு மாதிரி, நம்பிக் கால் வைக்க முடியாது. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவரே அவர்தான். அவருக்கு அப்போது முப்பது வயது. கல்யாணமாகி நாலு வருஷம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் தோப்பின் மறுபக்கத்தில் காய் உடைத்துக்கொண்டிருந்தேன். கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அடிக்கடி கேட்கிற சத்தம்தான் என்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

மதுரையில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். தண்டுவடம் நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் பொறுமையாக விளக்கிச் சொன்னார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், அதுதான் மருந்து என்றார். வைகாசிக் கடைசியில் ஒரு லாரியின் பின்பக்கம் மெத்தை விரித்து அவரை ஊருக்குக் கொண்டுவந்தோம். கூட வந்தது என் கொழுந்தன் மட்டும்தான். மாமனாரும் மாமியாரும் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். கொழுந்தனைப் பத்து வயதிலிருந்து வளர்த்தது அவருடைய அண்ணன்தான். விபத்து நடந்தபோது கொழுந்தனுக்கு இருபத்திரண்டு வயது.

பலகைக் கட்டிலை எங்கே போடுவது என்று பார்த்தோம். முன்பக்கம் போட்டால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். அது தனக்கு வேண்டாம் என்றார். பின்பக்க அறையில் ஜன்னலோரம் போட்டோம். வீட்டுக்குப் பின்னால் இருபது எட்டில் ஒரு ஓடை. மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். ஓடைக்கரை முழுக்க உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியிருந்தது. அதற்கு அப்பால் நாலு இலந்தை மரம், பிறகு பாறை, பிறகு மலை. பார்க்க ஒன்றும் இல்லாத இடம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் காட்டு வேலை முடித்து வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, "இன்னைக்குச் சேவல் தனியா வந்துச்சு, பொட்டை வரல," என்றார்.

எந்தச் சேவல் என்று கேட்டேன்.

"காட்டுச் சேவல் புள்ள. உண்ணிப்புதருக்குள்ள மேயுதுல்ல."

அவருக்குக் காட்டுக்கோழி புதிதில்லை. விழுவதற்கு முன்னால் எத்தனையோ பிடித்திருக்கிறார். கண்ணி வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவர் கை பேசும். பறவை எந்தத் தடத்தில் வரும், எங்கே தலையைக் குனியும், கண்ணியை எத்தனை விரல் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கறியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சேவலாக இருந்தால் கழுத்துத் தோலை மட்டும் உப்புத் தடவிக் காயவைத்துத் தேனியில் ஒரு கடைக்காரரிடம் கொடுப்பார். அது கப்பலேறிப் போய் வெள்ளைக்காரர்கள் மீன் பிடிக்கிற தூண்டிலில் போலிப் பூச்சி கட்ட உதவுமாம். இதை அவர் முதலில் சொன்னபோது, புதுப் பெண்டாட்டியைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காட்டுக்கோழி மேய்வது ஒரு செய்தியாக இருந்தது. ஏன் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. நான் வெளியே போய்விட்டு வந்தால் ஊர்ச் செய்தி கொண்டுவருவேன். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது, சந்தையில் என்ன பேசிக்கொண்டார்கள். அவரிடம் எனக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது. காலையில் இருந்த மாதிரியே மதியமும் இருப்பார். காட்டுக்கோழி வந்த பிறகுதான் அவருக்கென்று சொல்ல ஒரு செய்தி கிடைத்தது.

முதலில் எனக்கு அந்தச் சேவலைக் காட்டியபோது, இது பொட்டைதானே என்றேன். கழுத்தில் மினுக்கம் இல்லை. வால் மொட்டையாக இருந்தது. அழுக்குச் சாக்கு நிறம்.

"ஆனி, ஆடியில எறக உதுத்துருவான். நல்ல துணியெல்லாம் வெளுக்கப் போட்டுட்டுக் கந்தலக் கட்டிக்கிட்டுத் திரியிறவன் மாதிரி. கூவவும் மாட்டான். வெக்கம். ஐப்பசிக்குப் பெறகு பாரு."

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பார்த்தேன். அதே பறவை என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உடம்பு சாம்பல், ஒவ்வொரு இறகின் நடுவிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. கழுத்துச் சிலிர்ப்பில் மஞ்சள் மெழுகை உருக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டதுபோல் புள்ளிகள். இறக்கை ஓரத்தில் பழுத்த செம்மண் நிறம். வால் கருநீலமாக வளைந்து தரையைத் தொடப் பார்க்கும். கால் சிவப்பு. பொட்டை அப்படியில்லை. முதுகு முழுக்கச் சருகு நிறம். மார்பில் மட்டும் வெள்ளை வெள்ளையாகச் செதில் அடுக்கியதுபோல் இருக்கும். அசையாமல் நின்றால், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

விடிகிற நேரத்தில் இலந்தை மரத்திலிருந்து கூவும். நாட்டுச் சேவல் மாதிரி நீட்டி முழக்கி முடிக்காது. கெக்... கேயா... கேயா... கெக் என்று தொண்டை அடைத்ததுபோல் பாதியில் நிறுத்திவிடும். பிறகு இறங்கி வரும். உடனே புதரை விட்டு வெளியே வராது. தலையை மட்டும் நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடி நின்று நாலு பக்கமும் பார்க்கும். நல்ல தீனி கண்டால் தான் தின்னாமல் அலகால் தூக்கித் தூக்கிப் போட்டு டிக் டிக்கென்று பொட்டையைக் கூப்பிடும். பொட்டை ஓடி வந்து பொறுக்கிக்கொள்ளும். உண்ணிப்பழம், கறையான், இலந்தைப்பழம் எதையும் விடாது. வெயில் ஏறியதும் இரண்டும் புதருக்குள் புகுந்துவிடும். மறுபடி சாயங்காலம்தான்.

இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்ததைவிட அவர் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். எனக்கு ஜன்னலில் நிற்க நேரமில்லை. விடிந்தால் அவருக்குத் துடைத்துவிட வேண்டும், துணி மாற்ற வேண்டும், சிறுநீர் போகிற ரப்பர்க் குழாயைக் கழுவ வேண்டும், மாட்டைப் பார்க்க வேண்டும். பிறகு வேலைக்குப் போக வேண்டும். எங்களுடைய கொஞ்ச நிலத்தில் உழுவது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் கொழுந்தன். காலையில் அண்ணனைத் தூக்கி உட்காரவைப்பதும், ராத்திரி முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதும் கொழுந்தன். பெண் கொடுக்க முன்வந்த இரண்டு வீட்டுக்காரர்கள், படுத்திருக்கிறவரைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். கொழுந்தன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இவ்வளவு செய்கிற தம்பியிடம் அவர் காட்டுக்கோழி பார்ப்பதை மட்டும் சொன்னதே இல்லை. ஒருமுறை நான் பேச்சுவாக்கில் ஆரம்பித்தபோது கண்ணால் அடக்கினார். பிறகு, "அவென் பகல் பூராம் வெயில்ல சாகுறான். நான் படுத்துக்கிட்டுக் கோழி பாக்குறேன்னு சொல்லவா?" என்றார்.

மாசி மாதம் போடிப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிற ஒரு எலும்பு வைத்தியரைக் கொழுந்தன் வீட்டுக்கே அழைத்துவந்தார். வைத்தியர் என் வீட்டுக்காரருடைய பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினார், முழங்காலைத் தட்டினார், கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார்.

"நரம்பு சாகலப்பா. உறங்குது. எழுப்பணும். இந்தத் தைலத்தத் தேய்ங்க. காட்டுக்கோழிச் சாறு குடுங்க. பொட்டை ஆகாது. முத்தின சேவலாப் பாத்து, வாரம் ஒண்ணு, ஏழு வாரம். எட்டாவது வாரம் நான் வந்து கையப் பிடிச்சு நடக்க வைக்கிறேன்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சிரித்தார். "நான் தின்ன காட்டுக்கோழிக்கு இந்நேரம் மலையத் தூக்கிக்கிட்டு நடக்கணுமே!"

கொழுந்தன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும், பொட்டை காலையில் வருவது நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, பத்து மணி வெயிலில், அவசரமாக ஓடிவந்து நாலு கொத்துக் கொத்திவிட்டு, போன வழியில் போகாமல் வேறு பக்கமாகச் சுற்றிப் புதருக்குள் நுழையும்.

"அடைக்கு உக்காந்துருச்சு," என்றார். "பாறை ஓரத்துல, அந்தத் தாழ்ந்த புதருக்கு அடியில. அஞ்சு முட்டைக்குக் கொறையாது."

நான் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றேன்.

"போகாத. மனுசத் தடம் இருந்தா அதையே பிடிச்சுக்கிட்டுக் கீரி வந்துரும். இருபத்தோரு நாள்ல தன்னால வெளிய வரும்."

அதிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தார். சுவரில் கோடெல்லாம் போடவில்லை. என்னிடம் சொல்லுவார்: இன்னைக்கு எட்டு, இன்னைக்கு ஒன்பது என்று.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை நான் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மதினி, பின்னாடி ஓடைக்கரையில ஒரு காட்டுச் சேவல் நடமாட்டம் இருக்கு. தடம் பாத்தேன். கண்ணி வச்சிருக்கேன். அண்ணன்ட்ட சொல்லாதீக. வேணாம்னுருவாரு."

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன். எனக்குத் தெரியும். எந்தச் சேவல் என்றும் தெரியும், அது அவருக்கு என்ன என்றும் தெரியும். சாணிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் தம்பி என்று சொல்ல வாய் வந்தது. கொழுந்தனுடைய முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் தட்டிப்போன முகம். தூங்காத கண். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்ல? உங்க அண்ணனுக்கு அதை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியர் சொன்னதை நான் நம்பவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் ராத்திரி அவருடைய கால் விரல் அசைகிறதா என்று விளக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குனிந்து சாணியை அள்ளினேன். கொழுந்தன் துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் நானும் போனேன்.

வழக்கமாகப் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து அவரைப் புரட்டிவிட்டுக் கஞ்சி கொடுப்பார். அன்றைக்கு அந்த அக்காவும் காய் உடைக்க வந்துவிட்டார். தெருவில் ஒரு ஆள் இல்லை. நான் உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்தபோது சத்தமே இல்லை. பின்பக்க அறைக்குள் நுழைந்தேன். கட்டில் காலியாக இருந்தது.

கொல்லைப்பக்கம் ஓடினேன். அவர் கொல்லை வாசலில், நிலைப்படிக்கு இந்தப் பக்கம், குப்புறக் கிடந்தார். கட்டிலிலிருந்து தானாக விழுந்து, முழங்கையை ஊன்றி ஊன்றி அவ்வளவு தூரம் உடம்பை இழுத்திருக்கிறார். இரண்டு முழங்கையும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. வேட்டி நனைந்து, குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டு நிலைப்படி ஒரு முழம் உயரம். அதைத் தாண்ட அவரால் முடியவில்லை.

"ஐயோ, என்னங்க!" என்று அவரைத் திருப்பப் போனேன். கையைத் தட்டிவிட்டார். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. "அறு... அறுத்து விடு..." என்று காற்றாகத்தான் வந்தது. எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று செம்பை எடுத்தேன். செம்பைத் தள்ளிவிட்டு வெளியே கையைக் காட்டினார்.

சேவல் உண்ணித்தண்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலில் நைலான் கண்ணி. சுற்றிச் சுற்றிப் பறந்ததில் கயிறு தண்டோடு முறுக்கிக்கொண்டு, தரைக்கும் மேலுக்குமாக நிறுத்திவிட்டது. அடியில் மணல் முழுக்க இறகு. நான் கிட்டே போனதும் செத்ததுபோல் தொங்கியது ஒரேயடியாகச் சிறகடித்தது.

நான் திரும்பி அவரை முதலில் தூக்கப் பார்த்தேன். "போ!" என்றார், அந்தக் குரலில். அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கயிற்றை அறுக்கும்போது கெட்டியாகப் பிடிக்கத் தெரியவில்லை. மற்றக் காலின் முள்ளால் என் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. முந்தானையில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதன் உடம்பு அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது. கண்ணி மாட்டிய கால் எலும்பு முறிந்து, தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து மஞ்சள் புள்ளிகளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். தொட்டுப் பார்த்தேன். இறகு மாதிரி இல்லை. நகம் மாதிரி வழவழவென்று இருந்தது.

கொண்டுவந்து கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குள் விட்டேன். பிறகு அவரிடம் போனேன். அவரைத் தனியாகக் கட்டிலுக்குத் தூக்க எனக்குத் தெம்பில்லை. பாயை உருட்டிக் கீழே செருகி, ஈரத்துணியை மாற்றி, முழங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். மதியம் முழுக்க அவர் தரையில் கிடந்தார். மூன்று எட்டுத் தள்ளிப் பஞ்சாரம். உள்ளே அது மோதுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"நீ போன கொஞ்ச நேரத்துல மேய எறங்குனதும் மாட்டிக்கிருச்சு," என்றார். "தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். ஒரு நாயி வரல." கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டை அசையவே இல்ல புள்ள. இவ்வளவு கூத்துக்கும் அடைய விட்டு எந்திரிக்கல," என்றார்.

பிறகு கேட்டார்: "கண்ணி வச்சது யாரு? உனக்குத் தெரியுமா?"

"தெரியலங்க," என்றேன்.

பொழுது சாய்ந்து கொழுந்தன் வந்தார். பஞ்சாரத்தைத்தான் முதலில் பார்த்தார். குனிந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் பூவாக நிமிர்ந்தார். "அண்ணே! மாட்டிக்கிருச்சா! முத்தின சேவலுண்ணே. வைத்தியரு சொன்ன கணக்கா..." பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் அண்ணன் தரையில் கிடப்பதைப் பார்த்தார். "என்ன அண்ணே, கீழ கெடக்கீக? முழங்கையில என்ன?"

என் வீட்டுக்காரர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். இப்போது கத்தப் போகிறார், இப்போது ஏதாவது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"உருண்டு விழுந்துட்டேன்டா," என்றார்.

தம்பி அவரைக் குழந்தையைப் போல அள்ளிக் கட்டிலில் கிடத்தினார். பிறகு என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "விட்ருவோமாடா அத?"

"கால் போயிருச்சுண்ணே. விட்டா விடியறதுக்குள்ள நரியோ கீரியோ இழுத்துட்டுப் போயிரும். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாதது இல்லை.

காட்டுக்கோழி அடைத்தால் நிற்காது. கம்பு போட்டேன், தொடவில்லை. தண்ணீர் வைத்தேன், தட்டிவிட்டது. விடிந்து பார்த்தபோது பஞ்சார மூங்கிலில் முட்டி முட்டிக் கொண்டை கிழிந்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியிருந்தது. ஆனாலும் மோதுவதை நிறுத்தவில்லை. கொழுந்தன் அதை வெளியே எடுத்துக் கொண்டுபோய்க் கழுத்தைத் திருகினார். நான் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, நாலு தம்ளர் தண்ணீரை ஒரு தம்ளராகச் சுண்ட வைத்தேன். என் கை வேலை செய்தது. எனக்குள் ஒன்றும் ஓடவில்லை.

கொழுந்தனே தம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரமா அண்ணே?"

"ஆமாடா. நல்லாருக்கு." முழுவதையும் குடித்தார்.

கொழுந்தன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினார், வைத்தியர் அழுத்திய மாதிரியே. "எதாச்சும் தெரியுதாண்ணே?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேசா," என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்தப் பையன் முகத்தில் சிரிப்பில்லை. சும்மா ஒரு சந்தோஷத்துக்குச் சொன்னார். கொழுந்தன் அதைக் கேட்டு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "மதினி, கேட்டீகளா? தெரியுதாம்! தெரியுதுங்கிறாக!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். அப்படியே ஓடிப்போய் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, இவ்வளவு நாள் கழிச்சாச்சும் கடவுள் கண்ணத் தொறந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோரிடமும் தலையை ஆட்டினார்.

வைத்தியர் ஏழு சொல்லியிருந்தார். இன்னும் ஆறு வேண்டும்.

"இங்கன வைக்காதடா," என்றார் அவர். "இங்கன வேற சேவல் கெடையாது. நாய்தான் மாட்டும். மேல போ." அவரால் முடிந்தது அவ்வளவுதான். தம்பி வேலை முடிந்த பிறகு மலை ஏறினார். அண்ணன் சொல்லிக் கொடுத்த வித்தைதான். எங்கே தடம், எத்தனை விரல் உயரம் எல்லாம் அவரிடமிருந்து கற்றதுதான். வாரம் ஒன்று கொண்டுவந்தார். ஒருமுறை ஃபாரஸ்ட் கார்டு கண்ணில் பட்டு, கண்ணியையும் கோழியையும் பாறையிடுக்கில் போட்டுவிட்டு, முள்ளில் விழுந்து கீறலோடு வந்தார். மறுநாள் திரும்பப் போய் எடுத்துவந்தார். ஒவ்வொரு வாரமும் நான் சுண்ட வைத்தேன். ஒவ்வொரு வாரமும் அவர் குடித்தார். ஒவ்வொரு வாரமும் கால்மாட்டில் அதே கேள்வி. இல்லை என்று சொல்ல அவருக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் வாரம் "போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல" என்று சொன்னதை நான் கேட்டேன். எட்டாவது வாரம் நடக்கவைக்க வருகிறேன் என்ற வைத்தியர் அதற்குப் பிறகு எங்கள் பக்கச் சந்தைக்கே வரவில்லை.

இதற்கு நடுவில் பொட்டை குஞ்சு பொரித்தது. அவர் போட்ட கணக்கில் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. இருபத்தோராம் நாள் மத்தியானம் நான் வந்தபோது, "அஞ்சு," என்றார். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோழிக்குஞ்சு மாதிரி மஞ்சளாக இல்லை. பழுப்பில் கறுப்புக் கோடு போட்டு, அணிலுக்குச் சட்டை தைத்த மாதிரி இருந்தன. பிறந்த அன்றைக்கே ஓடின. தாய் ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனையும் சருகோடு சருகாக ஒட்டிக்கொள்ளும். கண்ணை எடுக்காமல் பார்த்தாலும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல முடியாது. சேவல் இல்லாதது பொட்டைக்குத் தெரிந்ததாகவே காணோம்.

"சேவல் இருந்தாலும் குஞ்சு வளக்க வராது," என்றார். "அது சோலி அதோட முடிஞ்சுச்சு."

இரண்டு நாளில் அஞ்சு மூன்றானது. கீரியா, பாம்பா, வல்லூறா தெரியவில்லை. அவர் இரவு தூங்கியிருந்தபோது நடந்தது. பத்து நாளில் பொட்டை மூன்றையும் கூட்டிக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே வெறும் புதர்தான். ஒரு வாரம் பார்த்தார். பிறகு, கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று தம்பியிடம் காரணம் சொன்னார்.

அன்றைக்குத் தரையில் இழுபட்டதில் உரிந்த முழங்கை ஆறிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஏற்பட்ட சிராய்ப்பை நான் கவனிக்கவில்லை. அவருக்கும் வலி தெரியாது. கவனித்தபோது அது புண்ணாகி உள்ளே குழி விழுந்துவிட்டது. நான் எத்தனை தடவை கழுவி மருந்து வைத்தும் மூடவில்லை. ஆவணியில் காய்ச்சல் வந்து போனது. புரட்டாசியில் மறுபடி வந்தது. கடமலைக்குண்டிலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டார், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். இவர் மறுத்துவிட்டார். ஐப்பசி முதல் மழையின்போது, பகல் மூன்று மணி இருக்கும், தம்பி தலையை மடியில் வைத்திருக்க, போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை, "அவனுக்கு ஒரு பொண்ணப் பாத்து வச்சுரு," என்றார்.

தை மாதம் கெங்குவார்பட்டியில் பெண் பார்த்துக் கொழுந்தனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். நல்ல பெண். இருந்த ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் எதற்கு என்று நான் தேனியில் என் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. படுத்திருக்கிறவர்களைப் புரட்டுவதும் துடைப்பதும் எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கொழுந்தன் மாதம் ஒருமுறை, கடலையோ மொச்சையோ ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நான் எவ்வளவு சொன்னாலும் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்படி வந்தவர், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே திடீரென்று சொன்னார்.

"மதினி, எனக்கு ஒரு வருத்தம் மனசுல கெடக்கு. வைத்தியரு ஏழுதான் சொன்னாரு. அண்ணனுக்கு அப்பவே கால்ல உணர்ச்சி வந்துருச்சுல்ல? ஏழோட நிறுத்தியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு நாலு சேவல் பிடிச்சுக் குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பாக. நான்தான் வேலை வேலைன்னு விட்டுட்டேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தலையில் நரை தட்டிவிட்டது. நான் என்ன சொல்ல முடியும்? உணர்ச்சி வரவே இல்லை தம்பி, உங்களுக்காகச் சொன்ன பொய் அது என்றா? நீங்கள் கண்ணி வைத்த அன்றைக்கு இழுபட்ட புண்தான் அவரைக் கொண்டுபோனது என்றா? அது எனக்குத் தெரிந்தே நடந்தது என்றா?

"நீங்க செஞ்சது கொஞ்சமா தம்பி," என்றேன். "டீ ஆறிப்போகுது, குடிங்க."

குடித்தார். வருசநாடு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. நான் காலிப் பையை மடித்து அவர் கையில் கொடுத்தேன். உட்கார இடம் கிடைத்ததா என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.